தொடாதீங்கம்மா என்று சொன்னது

"அந்தக் கைப்பிடிய இப்பவே வெல்டு வெச்சுரட்டுங்களா சார், இல்ல கேஸ் முடியற வரைக்கும் அப்படியே விட்டுறதுங்களா?"

சேலம் அஸ்தம்பட்டி வீட்டுக்கார அம்மா தன் வக்கீலான என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "தொடாதீங்கம்மா" என்றேன். சட்டப்படி அது தப்பு என்று இன்றும் தோன்றவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

காலி செய்து நான்கு மாதம் கழித்துப் பழைய குடித்தனக்காரர் நோட்டீஸ் விட்டிருந்தார். குடியிருந்தபோது வெளிமாடிப்படியில் கைப்பிடிக் கம்பம் பிடுங்கிக்கொண்டு, விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு முறிவு. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்றே, இனி என்ன வழக்கு என்றுதான் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பார்கள். அது வாடகைக் கணக்கு. காயத்துக்கு நஷ்டஈடு கேட்க 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 3 வருடம் தருகிறது.

குழாய் வாஷர் தேய்ந்தால் குடித்தனக்காரர் பாடு. கட்டடப் பழுது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று 22.02.2019 முதல் நடப்பில் உள்ள நம் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. பல குடித்தனத்துக்கும் பொதுவான படி வீட்டுக்காரர் கைவசம்தான். இருந்தாலும் பழுது இருந்தது என்பது மட்டும் போதாது. அது அவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா என்பதில்தான் வழக்கே நிற்கும். இங்கே "கைப்பிடி ஆடுதுங்க" என்ற வாட்ஸ்அப் செய்தி நீல டிக்கோடு இருந்தது.

கம்பம் காங்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். ஏற்காட்டு வீடுகளில் பனியும் சேர்ந்துகொள்ளும். மேலே பெயின்ட் புதுசாக இருக்க, தரையை ஒட்டிய அரை அங்குலத்தில் குழாய் தகடாக இளைத்திருக்கும். துரு ஊதிச் சுற்றியுள்ள காங்கிரீட்டையும் பிளக்கும். அதுவரை கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு கம்பத்தையும் கையால் ஆட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த வீட்டில் பிடுங்கிய கம்பத்தை அதே குழியில் செங்கல் சில்லு வைத்து நிறுத்தியிருந்தார்கள்.

அதை மாற்றினால் சான்றை அழித்துவிட்டார் என்பார்கள். நீதிமன்றம் அவருக்கு எதிராக ஊகிக்கவும் இடமுண்டு. நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வந்து பார்க்க மனு, எதிருரை, வாய்தா என்று மாதங்கள் ஓடும். அதற்காகத்தான் அப்படிச் சொன்னது. ஆனால் மாடியில் புதுக் குடித்தனம் வந்திருந்தது, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. அவர்களில் ஒருவர் விழுந்தால், தெரியாது என்று சொல்லும் வழியே அந்த அம்மாவுக்கு இருந்திருக்காது. வக்கீல் சொல்லித்தான் விட்டேன் என்பது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது.

வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். எதிர்த்தரப்புக்கு ஏழு நாள் கெடு வைத்து, வந்து பார்க்கச் சொல்லிப் பதிவுத் தபால் போட வேண்டும். அதுவரை சாரக்கம்பு கட்ட வேண்டும். அளவு டேப்பை வைத்து நாலு பக்கமும் படம். எடுத்த போனை மாற்றக் கூடாது, அந்தப் படங்களைக் கோர்ட்டில் சான்றாகக் காட்ட 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். ஒரு இன்ஜினியரின் அறிக்கை. கம்பத்தைத் துருப்பிடித்த அடியோடு எடுத்து, சீல் வைத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு வெல்டு. எட்டாம் நாள் வேலை முடிந்திருக்கும். நோட்டீஸைப் படித்துக்கொண்டே பதில் சொன்னதால் இதெல்லாம் வாயில் வரவில்லை என்பது சமாதானமா, தெரியவில்லை.

அந்த அம்மா கம்பத்தைத் தொடவில்லை. பக்கத்திலேயே சவுக்குக் கட்டையை நிறுத்திக் கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டு, மறுநாள் போன் செய்தார்.

"நீங்க சொன்னபடி தொடலைங்க சார்."

சவுக்குக் கட்டை ஆடாமல் நிற்கிறதா என்று கேட்கவில்லை.