வாயிலிருந்து எடுத்த துண்டு வாய்க்கே திரும்பும் வரை

நோயாளியின் வாயிலிருந்து சிறு துண்டை எடுத்து, ஆய்வகத்தில் அதன் செல்களைப் பெருக்கித் திசுவாக வளர்த்து, அவர் வாயிலேயே ஒட்டும் வேலை இது. அறுவைச் சிகிச்சைத் தேதியைக் குறித்துவிட்டுச் செல்லை விரட்டக் கூடாது. பயாப்ஸியிலிருந்து (துண்டு எடுக்கும் நாள்) ஒட்டும் நாள் வரை சுமார் 4 வாரம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் சில நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணத்திலிருந்து 5 மி.மீ. துண்டு போதும். ஆனால் வாயில் கிருமியில்லாத இடம் ஏது? எடுக்கும் முன் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கொப்பளிக்க வைத்து, ஆய்வகத்தில் மருந்து கலந்த உப்புக் கரைசலில் நான்கைந்து முறை அலசுகிறோம். பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் போட்டால் கேண்டிடா என்ற பூஞ்சை தப்பிவிடும், அதைக் கொல்லும் ஆம்ஃபோடெரிசின்-பி கட்டாயம். வளர்க்கத் தொடங்கிய முதல் இரண்டு நாளில் மீடியம் (செல்களுக்கான ஊட்டக் கரைசல்) மஞ்சளாகிக் கலங்கினால் ஃபிளாஸ்கையே கழித்துவிடுங்கள். மருந்தைக் கூட்டிக் காப்பாற்ற முயல்வது வீண்.

துண்டை டிஸ்பேஸ் என்ற நொதியில் 4 டிகிரியில் இரவு முழுக்க ஊறவிட்டால், காலையில் இடுக்கி பட்டதும் மேல்படலம் வெங்காயச் சருகுபோலக் கழன்று வரும். கழலாமல் கிழிந்தால் இன்னும் ஊறவில்லை என்று பொருள். படலத்தை டிரிப்சின் என்ற இன்னொரு நொதியில் 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்துச் செல்களைப் பிரிக்கலாம். டிரிப்சினை நிறுத்தப் பலரும் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) ஊற்றுவார்கள். இங்கே அது ஆகாது, சீரத்தில் கால்சியம் உண்டு. டிரிப்சினைத் தடுக்கும் சோயா இன்ஹிபிட்டரே சரி.

கால்சியம்தான் இந்த வேலையின் கடிவாளம். 0.06 மில்லிமோலார் (செறிவின் அலகு) அளவில் கெரட்டினோசைட், அதாவது மேல்படலச் செல், பெருகிக்கொண்டே இருக்கும். கூடினால் ஒன்றோடொன்று ஒட்டி, முதிர்ந்து, பெருகுவதை நிறுத்திவிடும். 1975-இல் ரெய்ன்வால்ட், கிரீன் என்ற ஆய்வாளர்கள் எலிச் செல் அடுக்கின்மேல் இவற்றை வளர்த்துக் காட்டினார்கள். நோயாளிக்குப் போகும் திசுவில் வேற்றுயிர்ச் செல் கலக்காதிருக்க, சீரமில்லாத குறைந்த கால்சிய மீடியமே எங்கள் தேர்வு.

தட்டில் 70-80% நிரம்பியதும் செல்களை வேறு தட்டுகளுக்குப் பிரித்துவிட வேண்டும். விடுமுறை என்று திங்கள்வரை விட்டால் செல்கள் தட்டையாகப் பருத்துப்போகும். அவற்றை எங்கே விதைத்தாலும் அடுக்கு எழும்பாது. கூழாங்கல் பரப்பியதுபோலத் தெரிய வேண்டிய இடத்தில் நீண்ட கதிர்போன்றவை தென்பட்டால் அவை ஃபைப்ரோபிளாஸ்ட், நமக்கு வேண்டாத இணைப்புத் திசுச் செல்கள். டிரிப்சினைச் சிறிது நேரம் காட்டினால் அவைதான் முதலில் கழலும், கொட்டிவிடலாம்.

அடுத்தது, செல் நீக்கிய டெர்மிஸில் (தோலின் உள்ளடுக்கு) விதைப்பது. எந்தப் பக்கம் மேலே? ஒரு துளி இரத்தம் வைத்து அலசிப் பாருங்கள்: சிவப்பை உறிஞ்சிக்கொண்டால் அது உள்பக்கம், வழிந்தோடிவிட்டால் அடிப்படலப் பக்கம். பின்னதில்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை லட்சம் செல் அளவில் விதைக்கிறோம். கால்சியத்தை 1.2 மில்லிமோலாராக உயர்த்தி 4 நாள் மீடியத்தில் மூழ்கவிட்டு, பிறகு 7 நாள் மேற்பரப்பு காற்றில் படும்படி தூக்கி வைக்க வேண்டும். காற்று பட்டால்தான் அடுக்கடுக்காக ஏறும். ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிச் சாயமேற்றி, அடுக்கு எழும்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கிருமிச் சோதனைக்கு முன்பே ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அடங்கிக் கிடக்கும் கிருமி பொய்யாக ‘இல்லை’ என்று வரும். மைக்கோபிளாஸ்மா (மிக நுண்ணிய பாக்டீரியா), எண்டோடாக்ஸின் (பாக்டீரியா நச்சு) சோதனைகளும் தனி.

ஒட்டும்போது மேற்பரப்பில் கை, இடுக்கி எதுவும் படக் கூடாது. இதில் இரத்தக் குழாய் கிடையாது, அடித்தளத்திலிருந்துதான் உணவு. அடியில் இரத்தம் தேங்கினால் திசு தூக்கிக்கொள்ளும். ஆகவே தையலோடு அழுத்தத் தகடும் ஒரு வாரம்போல இருக்க வேண்டும். தகட்டை எடுத்ததும் மேலடுக்கு வெள்ளையாக உரிந்து வரலாம். அழுகல் என்று பதறிச் சுரண்ட வேண்டாம், அடியில் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.