மைலேஜ் எழுதுகிறவர்களும் பற்றரி கழற்றுகிறவர்களும்

டொயோட்டா அக்வா, பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். அதன் பின் சீற்றுக்குக் கீழே, பற்றரிக்குக் காற்று இழுக்கும் ஒரு வழி இருக்கிறது. அதன் வடிகட்டியைக் கழற்றினால் கல்லடிக் கடற்கரை மணல், தலைமயிர், பிஸ்கட் தூள், சில வேளை திருநீறு சுற்றிய தாளும் வரும். அது அடைபட்டால் பற்றரி சூடேறும். சூடேறினால் கார் தன்னைக் காத்துக்கொள்ளப் பற்றரியின் வேலையைக் குறைத்து எஞ்சினை அதிகம் ஓட்டும். பெற்றோல் பறக்கும். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குக் கிட்ட ஆரையம்பதியில் கராச் வைத்து ஹைபிரிட் வேலை செய்கிற எனக்கு இந்தத் துவாரம் நல்ல வருமானம். ஆனால் நான் பார்த்த கார் விமர்சன வீடியோ ஒன்றிலாவது கமெரா அந்தப் பக்கம் குனிந்ததில்லை.

அக்வா 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்தபோது அந்நாட்டுச் சோதனைப்படி லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று போட்டார்கள். இங்கே 20 ஓடினாலே ஆள் சந்தோஷப்படுவார். "தம்பி, 35 எண்டுதானே போட்டிருக்கான், மிச்சத்தை ஆரு களவெடுத்தது?" என்று ஒரு மாமா என்னிடமே கேட்டார். களவில்லை மாமா. அந்தச் சோதனை ஆய்வுகூடத்தில் சில்லுகளை உருளையின் மேல் ஓடவிட்டு, ஏசி நிறுத்தி வைத்து நடப்பது. சித்திரை மாத மதியத்தில் காத்தான்குடிச் சன நெரிசலுக்குள் ஏசி போட்டு ஊர்ந்து போவது வேறு கதை. அக்வாவின் ஏசியே பற்றரியில்தான் ஓடுகிறது. பற்றரியின் சார்ஜ் இறங்க இறங்க, நின்றுகொண்டிருக்கும் காரிலும் எஞ்சின் எழும்பி வேலை செய்யும்.

ஐரோப்பாவிலும் இதே சங்கதிதான். ஆய்வுகூடக் கணக்குக்கும் வீதிக் கணக்குக்கும் இடையிலான வித்தியாசம் 2001இல் 10 சதவீதத்துக்கும் குறைவு; 2015 அளவில் 40 சதவீதம் வரை போய்விட்டது. கார்கள் சோதனைக்குப் படித்துப் பாஸாகின. பத்திரிகைகள் நிறுவனம் தந்த எண்ணையே அட்டவணையில் அச்சடித்தன. பிரிட்டனில் ஒரு பத்திரிகை 2012இல் தானே வீதியில் ஓட்டி அளந்து போடத் தொடங்கியது. அதைப் பாராட்ட வேண்டும். மற்றவர்கள் விமான டிக்கெட்டும் ஹோட்டலும் நிறுவனம் கொடுக்க, மலைப்பாதையில் ஒரு நாள் ஓட்டிவிட்டு "ஸ்டியரிங் இனிமை" என்று எழுதினார்கள்.

நிறுவனங்கள் காலநிலை விஷயத்தில் நடந்துகொண்ட விதம் எனக்கு நம் ஊர்ச் சீட்டுக்காரரை நினைவூட்டும்: கழுத்தில் கை வைக்கும் வரை தவணைதான். 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய, எண்ணெய், நிலக்கரிக்காரரோடு ஃபோர்டும் ஜெனரல் மோட்டர்ஸும் சேர்ந்த ஒரு கூட்டணி, காலநிலை விஞ்ஞானத்தைச் சந்தேகப்பட வைப்பதற்கே பாடுபட்டது. ஃபோர்டு 1999 முடிவில்தான் விலகியது, ஜெனரல் மோட்டர்ஸ் 2000இல். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் 1998இல் தாமாகவே ஒரு வாக்குக் கொடுத்தார்கள்: 2008இல் புதுக் கார்களின் சராசரி காபனீரொட்சைட்டைக் கிலோமீற்றருக்கு 140 கிராமுக்கு இறக்குவோம் என்று. அந்த ஆண்டு வந்தது, சராசரி 150ஐத் தாண்டியே நின்றது. அதன் பிறகு 2009இல் சட்டம் வந்தது, அபராதமும் சேர்ந்து. அப்புறம்தான் எண் வேகமாக இறங்கியது.

அந்த வாக்கைக் காப்பாற்ற அவர்கள் எடுத்த குறுக்குவழி டீசல். டீசலில் காபனீரொட்சைட்டு கொஞ்சம் குறைவு, ஆனால் நைதரசன் ஒட்சைட்டுகள் என்ற நச்சு வாயு அதிகம். ஃபொக்ஸ்வாகன் இரண்டையும் வென்றதாக விளம்பரம் செய்தது. ஒரு பசுமைக் கார்ப் பத்திரிகை 2009க்கான விருதை அதன் ஜெட்டா டீசலுக்கும், 2010க்கான விருதை அதே குழுமத்தின் ஓடி (Audi) ஏ3 டீசலுக்கும் கொடுத்தது. 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அதிகாரிகள் உண்மையை வெளியிட்டார்கள்: சோதனையை மணந்துபிடித்து அப்போது மட்டும் நல்ல பிள்ளையாகும் மென்பொருள். அது உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் கார்களில் இருப்பதை நிறுவனமே ஒத்துக்கொண்டது. விருதுகள் பறிக்கப்பட்டன. இதைக் கண்டுபிடிக்க வழி திறந்தது கார்ப் பத்திரிகையாளர் அல்ல. மேற்கு வெர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் டிக்கியில் அளவுகருவியை ஏற்றி, லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் பார்த்தார்கள். டிக்கியில் கருவி ஏற்ற ஒரு பத்திரிகைக்கு முடியாதா? முடியும். ஆனால் அடுத்த முறை நிறுவனத்திடமிருந்து டெஸ்ட் கார் வராது.

இப்போது காலம் மின்சாரக் காருக்கு மாறிவிட்டது. பேச்சு மாறவில்லை. 0இலிருந்து 100க்கு எத்தனை செக்கன், திரை எத்தனை அங்குலம். கல்முனை வீதியில் மாடு படுத்திருக்கும்போது அந்தச் செக்கன்களை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? போதாததற்கு வண்டியின் பருமனும் ஏறுகிறது: 2023இல் உலகில் விற்ற கார்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எஸ்யூவி.

எங்கள் கரைக்கு மின்சாரக் கார் நல்லது என்பதுதான் என் கட்சி. தரை மட்டம், தூரம் கிட்ட. மட்டக்களப்பிலிருந்து கல்முனை 40 கிலோமீற்றர் அளவு, கூரையில் சோலார் வைத்தவர்களும் கூடிவிட்டார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோல் வரிசையில் இரவு கிடந்தவர்களுக்கு இதைப் பற்றி வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஆனால் எது நல்ல மின்சாரக் கார் என்று எங்கள் வெயிலுக்கு வைத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பழைய நிசான் லீஃப் மின்சாரக் காரோடு வருவார். அதன் டாஷ்போட்டில் பற்றரியின் ஆரோக்கியம் 12 சிறு கோடுகள். கோடு ஒன்று அணையும்போதெல்லாம் "சேர், இது திரும்பி வராது" என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பழைய லீஃபின் பற்றரியைக் குளிராக்கத் திரவம் ஓடுவதில்லை, காற்றும் ஊதுவதில்லை. சூடு அதற்கு விஷம். 2012இலேயே அமெரிக்காவின் அரிசோனாவில் இதற்காகப் பெரிய சத்தம் எழுந்தது. ஆனாலும் ஜப்பானில் பாவித்த லீஃப் கப்பலேறி எங்கள் வெயிலுக்கு வந்தது, வாங்கியவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளமும் அப்படித்தான். 2024 நவம்பர் மழைக்குப் பிறகு கராசுக்கு வந்த ஹைபிரிட்களில் தண்ணீர் சீற்று மட்டம் வரை ஏறிய சேற்றுக் கோடு தெரிந்தது. பற்றரி இருப்பதோ அந்தக் கோட்டுக்குக் கீழே. காலநிலை என்றால் புகைக்குழாயிலிருந்து வெளியே போவது மட்டும் என்று கார் எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். வெளியே இருந்து காருக்குள் வருவதையும் யாராவது அளக்க வேண்டாமா?

வாகன இறக்குமதித் தடை 2025இல் நீங்கிய பிறகு புது மின்சாரக் கார்களும் வந்துவிட்டன. வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் மூன்றைக் கேளுங்கள்: பற்றரியைக் குளிராக்குவது எது, சூட்டில் கொள்ளளவு குறைந்தால் உத்தரவாதம் எத்தனை சதவீதத்தில் தொடங்கும், வெள்ளத்தில் பழுதானால் அந்த உத்தரவாதம் செல்லுமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். விமர்சனம் செய்கிற தம்பிமார் யாராவது சித்திரை மதியம் காரோடு வந்தால் லிப்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் காட்டுகிறேன். காசு வேண்டாம்.