22 சென் ஏற்றமும் என் 48 வெள்ளி தண்ணீர் பில்லும்

கோலாலம்பூர் செந்தூலில் தரை வீடு, நாலு பேர். தண்ணீர் பில்லை நான் உட்கார்ந்து படித்ததே கிடையாது. மாதம் 13, 14 வெள்ளி (ரிங்கிட்) வரும், ஃபோனிலேயே கட்டிவிடுவேன். 2024 மார்ச்சில் வந்தது 48 வெள்ளி 58 சென்.

“அதான் விலை ஏத்திட்டாங்களே, பேப்பர்ல போட்டிருந்துச்சே” என்றார் அம்மா. பொங்கல் முடிந்த கையோடு வந்த செய்திதான்: பிப்ரவரி 1 முதல் வீடுகளுக்குக் கன மீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, சராசரி 22 சென் ஏற்றம். எங்கள் பக்கம் வீட்டுக் கட்டணம் 2006க்குப் பிறகு ஏறியதே இல்லை. கட்டண விவகாரங்களைக் கவனிப்பது ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். ஆத்திரத்தில் அவர்களுக்கே புகார் தட்ட ஆரம்பித்தேன். எவ்வளவு கூடியது என்று எழுதப் பழைய பில் தேவைப்பட்டது. தேடி எடுத்தேன். அங்கேயே புகார் நின்றுவிட்டது.

சராசரி 22 சென் என்பது யார் வீட்டுக் கணக்கும் இல்லை. முதல் 20 கன மீட்டருக்கு 57 சென் 65 ஆகியிருந்தது, வெறும் 8 சென். அடுத்த 15க்கு 1.03 வெள்ளி 1.32 ஆனது. 35ஐத் தாண்டினால் 2 வெள்ளி இருந்தது 2.63. இந்த மூன்று வரியைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும், சராசரியை அல்ல.

ஜனவரியில் நாங்கள் 22 கன மீட்டர், 13.46 வெள்ளி. அதே 22க்குப் புது விலையில் 15.64. ஆக, விலையேற்றம் என்னிடம் பிடுங்கியது 2 வெள்ளி 18 சென்தான்! மார்ச்சில் மீட்டர் ஓடியிருந்ததோ 41. கூடுதல் 19,000 லிட்டர் எங்கே போனது?

தண்ணீர் கம்பெனிக்கே போனேன். கவுண்டரில் நல்ல வேளையாக ஒரு தமிழ்ப் பெண். “அண்ணே, ராத்திரி எல்லாப் பைப்பையும் மூடிட்டு மீட்டரப் பாருங்க. மீட்டருக்கு வீட்டுப் பக்கம் ஒழுகினா அது உங்க பொறுப்பு.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த சின்னச் சக்கரம் செக்கு மாடு மாதிரி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் தடவினேன், ஈரமில்லை. கடைசியில் அடுப்படியிலிருந்து ஒரு கரண்டி மஞ்சள் தூளை எடுத்துக் கழிவறை ஃப்ளஷ் டேங்கில் கொட்டிவிட்டு, யாரையும் உள்ளே விடாமல் காவல் இருந்தேன். கால் மணி நேரத்தில் கீழே பீங்கானில் மஞ்சள் கோடு இறங்கியது. டேங்கின் அடி ரப்பர் தேய்ந்து போயிருந்தது.

சத்தமில்லாமல் ஒழுகியது அத்தனையும் சாக்கடைக்கு. ஆனால் கழிவுநீர் பில் தனி. 2023 ஜனவரியில் 8 வெள்ளியிலிருந்து 10 ஆனது, எவ்வளவு ஓடினாலும் அதே 10. அதைப் பார்த்தும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஹார்ட்வேர் கடையில் ரப்பர் வாங்கி நானே மாற்றினேன். 48.58ஐ முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். அடுத்த பில் 21 கன மீட்டர், 14.32. பாதிப் புகார் இன்னும் ஃபோனில் கிடக்கிறது. பீங்கானில் மஞ்சள் கறை போகவில்லை என்று அம்மா என்மேல் புகார் வைத்திருக்கிறார்.