வலு ஒன்றுதான், சுற்றுக்கு 27 செக்கன் எங்கே போகிறது?

பந்தய பைக்கா, பந்தயக் காரா வேகம் என்ற வாக்குவாதம் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை வாசலில் தொடங்கினால் இலேசில் முடியாது. பைக்கின் பக்கம் நிற்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: எடை குறைவு, அதனால் பைக் முந்தும். அந்த எடைக் கணக்கையே முதலில் போட்டுப் பார்ப்போம்.

2024 விதிப்படி, பைக் பந்தயத்தின் உச்ச வகுப்பான மோட்டோஜிபியில் பைக் 157 கிலோவுக்குக் குறையக் கூடாது. உடுப்பு, ஹெல்மெட்டோடு ஓட்டுநரை 75 கிலோ என்று வைத்தால் மொத்தம் 232. நான்கு சிலிண்டர், 1000 சீசீ எஞ்சின் தருவது 290 குதிரைவலுவுக்குக் கிட்ட. ஆக, கிலோவுக்கு 1.25 குதிரைவலு. அதே ஆண்டின் எஃப்1 (ஃபோர்முலா 1) கார் சாரதியோடு சேர்த்து 798 கிலோ. 1.6 லீற்றர் வி6 டர்போவும் மின் மோட்டாரும் சேர்ந்து ஏறத்தாழ 1000 குதிரைவலு. வகுத்துப் பாருங்கள், அதே 1.25. எரிபொருளைச் சேர்த்தால் சற்று மாறும், ஆனால் எடையைக் காட்டி பைக்குக்கு வாதாட இங்கே இடமில்லை.

இனி நேரம். பார்சலோனாவின் கட்டலூன்யா ஓடுபாதை 4.657 கிலோமீற்றர். இரண்டு பந்தயமும் அங்கே ஒரே பாதையில்தான் நடக்கின்றன. 2024இல் எஃப்1 தகுதிச் சுற்றில் லாண்டோ நொரிஸ் எடுத்தது 1:11.383. அதே ஆண்டு மோட்டோஜிபியில் அலெய்ஷ் எஸ்பர்காரோ 1:38.190. சராசரி வேகமாகச் சொன்னால் கார் மணிக்கு 235 கிலோமீற்றர், பைக் 171. அமெரிக்காவின் ஒஸ்டின் பாதையிலும் கதை இதுவே. அங்கே வித்தியாசம் 28 செக்கனையும் தாண்டுகிறது.

இந்த 27 செக்கன் நேர்பாதையில் தொலையவில்லை. 2023இல் இத்தாலியின் முஜெல்லோவில் மோட்டோஜிபி ஓட்டுநர் பிராட் பிண்டர் தொட்ட வேகம் மணிக்கு 366.1 கிலோமீற்றர். எஃப்1 பந்தயமொன்றில் பதிவான உச்சம் வால்ட்டேரி பொட்டாஸின் 372.5, அதுவும் 2016இல் காற்று மெலிந்த மெக்சிக்கோ நகரில், கடல் மட்டத்திலிருந்து 2200 மீற்றருக்கு மேலே. காற்றை வெட்டிப் போக பைக்குக்குச் செலவு மிகக் குறைவு. முன்பக்கப் பரப்பையும் இழுவைக் குணகத்தையும் பெருக்கி பைக்குக்கு 0.3 சதுர மீற்றர், காருக்கு 1.2 என்று வைத்துக் கணக்கிட்டால், 350இல் ஓட பைக்குக்கு 220 குதிரைவலு போதும். காருக்கு 900க்குக் கிட்ட வேண்டும். அவ்வளவு வலுவைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு கார் திரும்ப வாங்குவது என்ன? சிறகுகளும் அடித்தளமும் முடக்குகளில் காரைத் தரையோடு அழுத்தும் விசை.

இந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 150 கிலோமீற்றரைத் தாண்டும்போதே அது காரின் சொந்த எடைக்குச் சமமாகிவிடும் என்பார்கள். 2024 காரின் முன்பக்கம் 305, பின்பக்கம் 405 மில்லிமீற்றர் அகலமான நான்கு டயர்கள் மேல் அந்தச் சுமை இறங்கும்போது, வேக முடக்குகளில் 5 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல் ஐந்து மடங்கு வரை, பக்கவாட்டில் தாங்கும். பைக்கிலும் இப்போது சிறகுகள் உண்டு, ஆனால் அவற்றின் முதல் வேலை முன்சில்லு மேலெழாமல் பார்த்துக்கொள்வது. சாய்ந்து நிற்கும் பைக்கின் சிறகு தரையை நோக்கி மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளும். அதனால் முடக்கில் அதன் பயனில் ஒரு பங்கு வீண்.

100 மீற்றர் ஆரையுள்ள ஒரு முடக்கை எடுத்துக்கொள்வோம். பைக் 1.4 ஜி பிடித்தால் வேகம் 133 கிலோமீற்றர். கார் 3.5 ஜி பிடித்தால் 211. ஒரே முடக்கில் 78 கிலோமீற்றர் வித்தியாசம். இப்போது ஆரையை 15 மீற்றராகக் குறையுங்கள். சிறகு அநேகமாக வேலை செய்யாத வேகம் அது. பைக் 1.3 ஜியில் 50, கார் 1.8 ஜியில் 59. இடைவெளி ஒன்பது கிலோமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. எந்தப் பாதையில் எது எவ்வளவு முந்தும் என்று சொல்ல, அங்கே வேக முடக்கு எத்தனை என்று எண்ணினாலே பெரும்பாலும் போதும் என்பது என் கணிப்பு.

படத்தில் பைக் 60 பாகைக்கு மேல் சாய்வதைப் பார்த்து, அது 1.7 ஜி என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. கணிதம் சரி, பைக் வேறு. டயர் கத்தி முனையல்ல, அகலமான உருளை. சாயச் சாய தரையைத் தொடும் இடம் உள்பக்கமாக நகரும். அதை ஈடுகட்ட பைக் கூடுதலாகச் சாய வேண்டும். ஓட்டுநர் முழங்கையும் தோளும் தரையை உரசுமளவுக்கு உள்ளே தொங்குவது இந்தக் கூடுதல் சாய்வைக் குறைக்கத்தான்.

ஆர்முடுகலில் பைக்கின் எதிரி அதன் உயரம். இரு சில்லுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 1.45 மீற்றர், ஓட்டுநரோடு சேர்த்த ஈர்ப்பு மையம் 0.7 மீற்றர் உயரத்தில். இந்த அளவில் 1 ஜி தாண்டினால் முன்சில்லு எழும், வலு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. டுகாட்டி தொடக்கி வைத்து மற்ற அணிகளும் பின்பற்றிய, பைக்கைப் பதிய வைக்கும் கருவி இந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது. 2027இலிருந்து அந்தக் கருவிக்குத் தடை. எஞ்சினும் 850 சீசீயாகக் குறைகிறது.

பிரேக்கில் வித்தியாசம் இன்னும் கொடூரம். பைக்கில் பின்சில்லு தூக்கும் எல்லை இருக்கிறது. காற்றின் இழுவையும் சேர்ந்து 1.5 ஜி அளவோடு நிற்கும். காரில் 330இல் கால் எடுத்தாலே ஏறத்தாழ 1 ஜி அமர்முடுகல், பிரேக் மிதித்தால் 5 ஜி. ஆனால் வேகம் இறங்க இறங்க அழுத்தும் விசையும் கரைந்துவிடும். முதலில் முழுப் பலத்தோடு மிதித்த சாரதி படிப்படியாகக் காலைத் தளர்த்தாவிட்டால் சில்லு பூட்டி டயரில் தட்டை விழும். பைக் ஓட்டுநருக்குக் கணக்கு வேறு: சாயும் ஒவ்வொரு பாகைக்கும் முன்பிரேக்கை விட்டுக்கொடுக்க வேண்டும். பிந்தினால் முன்பக்கம் மடிந்து விழும்.

டயர் விடயத்தில் பைக் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஜெர்மனியின் சாக்ஸன்ரிங் நல்ல பாடம். 13 முடக்கில் 10 இடது, 3 மட்டுமே வலது. தொடர்ச்சியான இடது முடக்குகளில் டயரின் வலப்பக்கம் தரையையே தொடாமல் ஆறிவிடும். உடனே வருகிறது 11ஆம் முடக்கு, இறக்கத்தில், வேகமான வலது. ஆறிய ரப்பரில் சாய்ந்தவர்கள் அங்கே வரிசையாக விழுந்திருக்கிறார்கள். இரு பக்கத்துக்கும் வேறு வேறு கலவை வைத்த டயர் இதற்காகவே வருகிறது. காரின் டயருக்கு இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பரப்புத்தான் தரையில்.

இன்னொன்று முன்டயர் அமுக்கம். 2024இல் விதித்த குறைந்தபட்சம் 1.8 பார் (அமுக்க அலகு). தனியே ஓடும்போது சரியாக இருக்கும் டயர், முன்னால் போகும் பைக்கின் சூடான காற்றுக்குள் சிக்கினால் கொதித்து அமுக்கம் ஏறும். பிடி குறையும், பிரேக்கில் முன்சில்லு பூட்டும். காருக்கும் பின்தொடர்வது நட்டம்தான், ஆனால் காரணம் வேறு: கலங்கிய காற்றில் சிறகும் அடித்தளமும் விசையை இழக்கும்.

கார் தோற்கும் இடமும் உண்டு. மேன் தீவின் 60.7 கிலோமீற்றர் வீதிச் சுற்றில் பீற்றர் ஹிக்மன் 2023இல் பிஎம்டபிள்யூ பைக்கில் எடுத்த சராசரி 219 கிலோமீற்றர். 2016இல் மார்க் ஹிக்கின்ஸ் சுபாரு காரில் எடுத்தது 207. அது எஃப்1 அல்ல, பந்தயத்துக்கு மாற்றிய சுபாருதான். ஆனால் மேடுபள்ளமான, மதில்களுக்கு இடையே ஓடும் அந்த வீதியில் தரையை ஒட்டிய எஃப்1 காரை முழு வேகத்தில் விடவே முடியாது.

நம் ஊருக்கு வந்தால், கொழும்பிலிருந்து காலி வீதியில் போய்ச் சேரும் கட்டுகுருந்த பழைய விமான ஓடுபாதை ஒப்பிட நல்ல இடம். 600 சீசீ சூப்பர்ஸ்போர்ட் பைக் 120 குதிரைவலு, ஓட்டுநரோடு 265 கிலோ. தயார்செய்த சிவிக் 200 குதிரைவலு, சாரதியோடு 1080 கிலோ. எடைக்கேற்ற வலுவில் பைக் இரண்டு மடங்குக்கு மேல். காரிலும் பெரிய சிறகு இல்லை. அதனால் நேர்பாதையில் பைக் பறிக்கும், பிரேக்கிலும் முடக்கிலும் கார் கொஞ்சம் திரும்பப் பிடிக்கும். இரண்டிலும் முதலில் கைவிடுவது பிரேக் எண்ணெய். டொட் 4 எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 155 வரை இறங்கலாம். கொழும்பு ஈரப்பதனில் மூடி திறந்த போத்தலை மாதக்கணக்கில் வைத்து ஊற்றினால், சில சுற்றுகளிலேயே லீவர் பஞ்சாகி கைப்பிடியைத் தொடும். பந்தயத்துக்கு முன் புதுப் போத்தல் உடைத்து, காரின் நான்கு கலிப்பரிலும் (பிரேக் தட்டைப் பிடிக்கும் பகுதி) காற்றுக் குமிழ் போகும்வரை பழைய எண்ணெயை வெளியே விடுங்கள். பைக்கில் முன்பக்கத்தின் இரண்டு கலிப்பரோடு, லீவர் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் முனையிலும் காற்றெடுக்க வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

போய்ப் பார்ப்பவர்கள் ஒரு சுற்று நேரத்தை மட்டும் எடுக்க வேண்டாம். ஒரே முடக்கருகே நின்று மூன்றாகப் பிரித்து எடுங்கள்: பிரேக் தொடும் இடத்திலிருந்து முடக்கின் உச்சி (உள்விளிம்பை ஒட்டும் இடம்) வரை, உச்சியிலிருந்து வெளியேறும் வரை, அங்கிருந்து நேர்பாதை முடிவு வரை. தொலைபேசியில் கையால் எடுத்தால் 0.2 செக்கன் பிழை வரும். ஆகவே பைக்குக்கும் காருக்கும் ஐந்து சுற்றாவது எடுத்து நடுப்பெறுமானத்தை ஒப்பிடுங்கள். முதல் சுற்றைச் சேர்க்க வேண்டாம், டயர் சூடாகியிராது.