எத்தனை மெகாவாட் போட வேண்டும்? சூரிய மின் நிலையத்துக்குத் திறன் கணக்கிட்ட அனுபவம்

பெரிய சூரிய மின் நிலையம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது ‘எத்தனை மெகாவாட்?’ என்றுதான். எங்களிடம் வந்தவரும் அப்படித்தான் கேட்டார். வருஷத்துக்கு எத்தனை யூனிட் வேண்டும், அதை எந்த மீட்டரில் அளக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். பலமுறை பேசிய பிறகு, கிரிட்டில், அதாவது பொது மின் கட்டமைப்பில், சேரும் இடத்தில் வருஷத்துக்கு 10 கோடி யூனிட் என்று முடிவானது. இது தெளிவாகாமல் கணக்கைத் தொடவே கூடாது.

10 கோடியை 8,760 மணி நேரத்தால் வகுத்தால் 11.4 மெகாவாட். இது ராத்திரி, மேகம் எல்லாம் சேர்ந்த சராசரி. நிலையத்தின் அளவு இதைவிடப் பல மடங்கு இருக்கும். எத்தனை மடங்கு என்பதை வெயில்தான் சொல்ல வேண்டும்.

அதனால் வெயில் தரவுக்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். செயற்கைக்கோள் தரவு பல வருஷங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த நிலத்துக்கே உரிய மூடுபனியும் காற்றில் மிதக்கும் தூசியும் அதில் சரியாகத் தெரிவதில்லை. இடத்திலேயே வெயிலை அளக்கும் பைரனோமீட்டர் என்ற கருவியை வைத்து, அந்த அளவீட்டைக் கொண்டு பழைய தரவைத் திருத்தினோம். கருவியின் கண்ணாடிக் குமிழில் தூசி படிந்தால் வெயிலே குறைந்துவிட்டதாகக் காட்டும். அதனால் துடைக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுத வைத்தேன். துடைத்த உடனே எண் சட்டென்று ஏறுவது தரவில் அப்படியே தெரிந்தது. எல்லாம் திருத்திய பிறகு, சாய்த்து வைத்த பேனல் மேல் சதுர மீட்டருக்கு வருஷத்தில் 2,000 யூனிட் வெயில் விழும் என்று வந்தது.

அடுத்தது இழப்புகள். பேனலில் அச்சிட்டிருக்கும் வாட், செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நல்ல வெயிலில் அது 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு 0.35 சதவீதம் குறைந்தால் அந்த நேரத்தில் 12 சதவீதம் போய்விடும். அப்புறம் தூசி, முன்வரிசையின் நிழல், கேபிள், பேனலின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர். இந்தச் சதவீதங்களைக் கூட்டக்கூடாது. ஒவ்வொன்றிலும் மிஞ்சுவதைப் பெருக்கிக்கொண்டே வர வேண்டும். பிவிசிஸ்ட் மென்பொருளில் மணிவாரியாக ஓட்டிப் பார்த்ததில் இழப்பெல்லாம் போக மிஞ்சும் பங்கான செயல்திறன் விகிதம் 0.8 வந்தது. 2,000-ஐ 0.8-ஆல் பெருக்கினால், ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்கு 1,600 யூனிட் தரும். 10 கோடிக்கு 62.5 மெகாவாட் பீக், அதாவது பேனல்களில் அச்சிட்டிருக்கும் வாட்டின் மொத்தம்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது பி50 கணக்கு. பாதி வருஷங்களில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். எங்கள் கணிப்பின் நிச்சயமின்மை 7 சதவீதம். பத்தில் ஒன்பது என்ற உறுதிக்குப் புள்ளியியல் தரும் எண் 1.28; அதனால் பெருக்கினால் 9 சதவீதம். அவ்வளவைக் கழித்தால், பத்தில் ஒன்பது வருஷங்களில் எட்டக்கூடிய பி90 அளவு 1,456 யூனிட். அப்போது தேவை 68.7 மெகாவாட் பீக். ‘ஆறு மெகாவாட் வீண்தானே’ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மேகமூட்டமான வருஷத்திலும் சொன்ன யூனிட்டைக் கொடுத்தாக வேண்டும் என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பேனல் 70 மெகாவாட் என்று முடிவெடுத்தோம்.

இன்வெர்ட்டருக்கு 70 தேவையில்லை. 54 மெகாவாட் ஏசி போதும், பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1.3. தெளிந்த நாட்களின் நடுப்பகலில் பேனல் தருவது இன்வெர்ட்டரின் அளவைத் தாண்டுவதால், உற்பத்தி வரைபடம் உச்சியில் தட்டையாக வெட்டுப்படும். அந்தச் சில மணி நேர இழப்புக்குப் பதிலாகக் காலையிலும் மாலையிலும் இன்வெர்ட்டர் நன்றாக உழைக்கும். பேனல் பழசாக ஆக இந்த வெட்டும் குறைந்துகொண்டே போகும்.

பேனலின் திறன் வருஷத்துக்கு 0.5 சதவீதம் குறைந்தால், 25-ஆம் வருஷத்தில் 70 என்பது 62 அளவுக்கு வந்துவிடும். அதற்காக இப்போதே கூடுதல் பேனல் வாங்க வேண்டாம் என்றேன். பிறகு சேர்க்க நிலத்தில் ஒரு பகுதியைக் காலியாக விட்டு, அந்த இடம் வரைக்கும் கேபிள் பள்ளத்தை மட்டும் இப்போதே வெட்டச் சொல்லி நில வரைபடத்தில் குறித்துக் கொடுத்தோம்.