நெட் முதல் தாள்: விளம்பரத்தில் ஒளிந்திருக்கும் வாதம்

உதவிப் பேராசிரியர் பணி உள்ளிட்டவற்றுக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டின் முதல் தாளில், தருக்கப் பகுதியில் பலர் திணறுவதற்குக் காரணம், போலி வாதங்களின் (சரியானவை போலத் தோன்றும் பிழையான வாதங்களின்) பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, வினாவில் வரும் கூற்று அவற்றில் எதைச் சேர்ந்தது என்று பிரித்தறியப் பழகாததுதான். நான் இப்பகுதிக்கு நாளிதழ் விளம்பரங்களை வைத்தே பயிற்சி எடுத்தேன். எந்த விளம்பரமாக இருந்தாலும் 'இதை வாங்குங்கள்' என்பதே முடிவு என்பதால், முடிவைத் தேடும் வேலை மிச்சமாகிறது. காரணத்தை மட்டும் ஆராய்ந்தால் போதும்.

முதலில், விளம்பரம் சொல்லாமல் விட்ட எடுகூற்றை, அதாவது முடிவுக்கு ஆதாரமாக நிற்கும் கூற்றை, முழு வாக்கியமாக எழுதுங்கள். 'லட்சக்கணக்கான இல்லங்களின் தேர்வு' என்று ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் கூறினால், 'பலர் வாங்குவது நல்லதாகத்தான் இருக்கும்' என்பதே அதில் ஒளிந்துள்ள எடுகூற்று. எழுதிய உடனே, அது பெரும்பான்மையைச் சான்றாக்கும் போலி வாதம் என்பது புலப்படும். 'மூன்று தலைமுறை நம்பிக்கை' என்பது மரபைச் சான்றாக்குகிறது. நகைக்கடையின் 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்பதோ ரசீதைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விலைக் கூற்று. விளம்பரம் என்பதாலேயே அதைப் போலி வாதமாகக் கருதிவிடக் கூடாது.

மிகவும் குழப்புவது, ஒருவருடைய சொல்லைச் சான்றாக்கும் வாதம். பல் மருத்துவர் பற்பசையைப் பரிந்துரைப்பதும் திரைப்பட நடிகர் சிமெண்டைப் பரிந்துரைப்பதும் அமைப்பில் ஒன்றே. இங்கே பாடத்திட்டத்தில் உள்ள இந்தியத் தருக்கம் கைகொடுக்கும். நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபில் சப்தம் (பிறர் சொல்) பிரமாணமாக (நம்பத்தக்க அறிவுவழியாக) வேண்டுமானால், சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும்; அதாவது, பொருளை உள்ளபடி அறிந்தவராகவும், அறிந்ததை அப்படியே சொல்பவராகவும் இருக்க வேண்டும். சிமெண்ட் நடிகர் முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறார். பணம் பெற்றுக்கொண்டு பேசும் மருத்துவரிடம் இரண்டாவது நிபந்தனை ஐயத்துக்குரியதாகிறது. (வெள்ளை அங்கி அணிந்த விளம்பர நடிகரோ இரண்டிலும் தேறமாட்டார்.)

'99.9% கிருமிகளை அழிக்கும்' என்ற வகை விளம்பரத்தில் அடிக்குறிப்பையும் படியுங்கள். 'ஆய்வகச் சோதனையில்' என்று அங்கே இருந்தால், ஆய்வக முடிவிலிருந்து அன்றாடப் பயன்பாட்டுக்குத் தாவும் தொகுத்தறி வாதம் (கண்ட சிலவற்றிலிருந்து பொது முடிவுக்குச் செல்லும், முடிவு உறுதியாகாத வாதம்) அது. அதை வலுவானது, வலுவற்றது என்றே மதிப்பிட வேண்டும். இப்படிக் கூற்றின் வரம்பைச் சொல்லும் பொறுப்புத் துறப்புக் குறிப்பு, விளம்பரக் கூற்றின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல் கூறுவதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வறையில் இரண்டு விடைகள் நெருக்கமாகத் தோன்றினால், விடுபட்ட எடுகூற்றை மனத்துக்குள் நிரப்பிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால், எந்த வினாவையும் விடையளிக்காமல் விட வேண்டியதில்லை.