வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் டி

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டிப் பிழைத்தவன் நான். அறுபதைத் தாண்டியபின் ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்குப் போக எழ வேண்டியிருந்தது. ரத்தத்தில் பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதம், பார்த்தார்கள், 7-ஐத் தொட்டிருந்தது. எம்ஆர்ஐ, ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி எல்லாம் கோவையில். பயாப்சி ஊசி பாயும்போது 'டப்'பென்று ஒரு சத்தம். வலியைவிட அதுதான் தூக்கிவாரிப் போடும். அப்புறம் சில நாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தது. புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. அதன் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் ஸ்கோர் 3+3, அதாவது 6. மெதுவாக வளரும் ரகம், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், கண்காணிப்போம் என்றார் டாக்டர்.

சும்மா இருக்க மனசு கேட்குமா? "வைட்டமின் டி சாப்பிட்டா வளர்ச்சி குறையும்கிறாங்களே, நெசங்களா டாக்டர்?" என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். உடம்பு வைட்டமின் டியைக் கால்சிட்ரியால் என்ற ஹார்மோனாக மாற்றுகிறது. புராஸ்டேட் செல்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. ஆய்வகத்தில் அது செல்கள் பெருகுவதை மட்டுப்படுத்துகிறது. என்னைப் போன்றவர்களுக்குத் தினம் 4,000 யூனிட் ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2012-இல் வந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு மறு பயாப்சி நன்றாக இருந்ததாம். ஆனால் ஆள் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைக் குழுவும் இல்லை. சுமார் 26,000 பேரை வைத்துத் தினம் 2,000 யூனிட் கொடுத்த வைட்டல் ஆய்விலோ புராஸ்டேட் புற்றுநோய் வருவது குறையவில்லை.

எனக்கு ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பார்த்தபோது மில்லிக்கு 11 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. கொங்குச் சீமை வெயிலில் இதுவா என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். விடிந்ததிலிருந்து தறிக்குடோனுக்குள் நிற்பவன் மேல் வெயில் எங்கே படும்?

"குறையைச் சரி பண்ணிரலாங்க, எலும்புக்கு வேணும். பின்னாடி புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனைக் குறைக்கற ஊசி போடற நிலைமை வந்தா எலும்பு தேயும். ஆனா இதை நம்பி பிஎஸ்ஏ பாக்கறதை விட்றாதீங்க" என்றார்.

60,000 யூனிட் பாக்கெட், வாரம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் பாலில் கலந்து. ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் பேனாவால் எழுதி வைத்தாள் என் மனைவி. தயவுசெய்து இதை யாரும் தினம் சாப்பிட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, கிட்னியையே கெடுத்துவிடும்.

இப்போது வைட்டமின் அளவு 30-ஐத் தாண்டிவிட்டது. பிஎஸ்ஏ இறங்கவில்லை, ஏறவும் இல்லை. அதை வைட்டமின் கணக்கில் நான் எழுத மாட்டேன். இந்த ரகம் மருந்தில்லாமலும் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அடுத்த எம்ஆர்ஐக்குத் தேதி வாங்கியாயிற்று.